உன்ற ஆப்பு என்ன திங்குது?

கோபிசெட்டிபாளையம் பக்கம் உக்காந்துட்டு நான் ஒரு சின்ன ஆப் நடத்திட்டு இருக்கேன். பால் கணக்கு ஆப். வீடு வீடா பால் ஊத்துறவங்க யார் வீட்டுக்கு எத்தனை லிட்டர் ஊத்துனோம்னு போட்டு வெச்சுக்கணும், மாசக் கடைசில பில்லு வாட்ஸ்அப்ல அனுப்பணும், அவ்வளவுதான் அதோட வேலை. முதல் ஒன்றரை வருஷம் சும்மா குடுத்தேன், அப்புறம் வருஷத்துக்கு 149 ரூபாய்னு வெச்சேன். இந்த ஆப்புக்கு ஐடியாவே ஒரு பால்கார அண்ணன்கிட்ட இருந்துதான் வந்துச்சு, அதனால அவருகிட்ட நேர்ல போய் சொல்லிடலாம்னு போனேன். எருமைக்குத் தவிடு கலக்கிட்டு இருந்தாரு. கேட்டுட்டு, "அதென்ன தம்பி வருஷா வருஷம்? ஒரே தடவையா 300 வாங்கிக்க, விட்டுரு"ன்னாரு. நானும் பெரிய சாமர்த்தியமா பேசுறதா நெனச்சுட்டு, "ஏனுங்கண்ணா, நீங்க ஒரே தடவை காசு வாங்கிட்டு காலம் பூரா பால் ஊத்துவீங்களா"ன்னு கேட்டேன். மனுஷன் கையை உதறிட்டு நிமிந்து பாத்தாரு. "மாடு தீவனம் திங்குது தம்பி. உன்ற ஆப்பு என்ன திங்குது?"

எனக்கு பதில் வரல. வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

நியாயமான கேள்விதான். அவரு மட்டுமா கேக்குறாரு, ஸ்கேனர் ஆப், அலாரம் ஆப், நோட்ஸ் எழுதுற ஆப்னு எதைத் தொறந்தாலும் மாசத்துக்கு இவ்வளவுன்னு நிக்குது, முன்னாடியெல்லாம் அம்பது ரூபாய் குடுத்தா ஆப் நம்மளுது, இப்ப என்ன ஆச்சு இவனுங்களுக்குன்னு எல்லாரும்தான் திட்டுறாங்க. திட்டு வாங்குற பக்கத்துல இருக்கறதால அந்தப் பக்கக் கணக்கைக் கொஞ்சம் விளக்கமா எழுதறேன். பெரிய கம்பெனிங்களைப் பத்தி இல்ல, தனி ஆளா, இல்லன்னா ரெண்டு மூணு பேரா சேந்து ஆப் செய்யறவங்களைப் பத்தி.

மொதல்ல இந்த "ஒரே தடவை காசு" நெனப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்கணும். சிடில சாஃப்ட்வேர் வித்த காலத்துல ஒரு தடவைதான் வாங்குவோம், உண்மைதான், ஆனா அந்தப் பதிப்புக்கு மட்டும்தான் அந்தக் காசு. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அடுத்த பதிப்பு வரும், பழைய ஆளுங்களுக்கு பாதி விலைனு சொல்லி மறுபடி விப்பாங்க, வேணும்னா வாங்குவோம், இல்லன்னா பழசையே ஓட்டுவோம். செஞ்சவனுக்கும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு அறுவடை. 2008 ஜூலை 10ஆம் தேதி ஆப்பிள் 500 ஆப்போட ஆப் ஸ்டோர் தொறந்தப்ப இந்த அறுவடைக்கு வழியே வெக்கல. பழைய ஆளுக்குக் குறைஞ்ச விலைல புதுப் பதிப்பு விக்கற வசதி அன்னைக்கும் இல்ல, அப்புறமும் வரல. ஒரு தடவை வித்தா முடிஞ்சுது, அதுக்கப்புறம் வர்ற அப்டேட் எல்லாம் இலவசம்.

ஆரம்பத்துல இது யாருக்கும் உறைக்கல, ஏன்னா காசு கொட்டுச்சு. ஸ்டீவ் டிமீட்டர்னு ஒருத்தர் செஞ்ச ட்ரிஸம்ங்கற புதிர் கேம், விலை அஞ்சு டாலர், ரெண்டே மாசத்துல ரெண்டரை லட்சம் டாலர் சம்பாதிச்சுது. அதைப் படிச்சுட்டு உலகம் பூரா எத்தனை பேரு வேலையை விட்டாங்களோ தெரியல. ஆனா ஸ்டோர்ல முன்னாடி தெரியற பட்டியல் எத்தனை பேர் இறக்குனாங்கங்கற எண்ணிக்கைய வெச்சுதான் ஓடுச்சு, எவ்வளவு காசு வந்துச்சுங்கறதை வெச்சு இல்ல. மேல வரணும்னா விலைய இறக்கணும், பக்கத்துக் கடைக்காரனும் இறக்குவான், கடைசில எல்லாரும் 99 சென்ட்ல வந்து நின்னாங்க. வருமானத்தை வெச்சு ஒரு தனிப் பட்டியல் போட்டது 2009 செப்டம்பர்லதான், அதுக்குள்ள ஆப்னா ஒரு டாலர்ங்கறது ஜனங்க மனசுல பதிஞ்சு போச்சு.

அடுத்த மாசமே லாரன் பிரிக்டர்னு ஒரு தனி டெவலப்பர் ட்வீட்டி 2 வெளிய விட்டாரு. ட்விட்டர் படிக்கற ஆப். இன்னைக்கு நாம எந்த ஆப்லயும் ஸ்க்ரீனைக் கீழ இழுத்து விட்டா புதுசா லோடு ஆகுதே, அந்தப் பழக்கமே அந்த ஆப்ல இருந்து வந்ததுதான். முழுசா புதுசா எழுதுன ஆப்ங்கறதால தனியா 3 டாலருக்கு வித்தாரு, அதுக்கு பழைய ட்வீட்டி வாங்குனவங்க போட்ட சண்டை இருக்கே! ஏற்கனவே காசு குடுத்தேனே, மறுபடி ஏன் கேக்குறன்னு. ரெண்டு டீ காசு அவங்க ஊர்ல. அப்பவே எல்லா டெவலப்பருக்கும் ஒண்ணு புரிஞ்சு போச்சு, இந்தக் கடைல வந்த ஆளுகிட்ட ரெண்டாந் தடவை காசு கேக்க முடியாது, புது ஆளாத் தேடிட்டே ஓடணும்.

அந்த ஓட்டத்தோட கணக்கை என் ஆப்பை வெச்சே போட்டுப் பாக்கலாம். அண்ணன் சொன்ன மாதிரி ஒரே தடவை 300னு வெச்சுக்குவோம். ஸ்டோர் கமிஷன் 15 சதவீதம் போனா கைல 255, வரியைத் தனியா விட்டுடறேன், அது வேற தலைவலி. மாசம் 25,000 ரூபாய் சம்பளம் மாதிரி வரணும், அப்பதான் இந்த வேலையைத் தொடர்ந்து பாக்க முடியும்னா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 1,180 புது பால்காரங்க வந்து வாங்கணும். அடுத்த வருஷம் இன்னொரு 1,180. அதுக்கடுத்த வருஷமும். அஞ்சாவது வருஷம் முடியறப்ப ஆப் வெச்சிருக்கறவங்க 5,900 பேரு, அத்தனை பேரும் ஓடலைன்னா எனக்குத்தான் போன் பண்ணுவாங்க, ஆனா அந்த வருஷம் காசு வந்தது 1,180 பேர்கிட்ட இருந்துதான். ஆறாவது வருஷம் புது ஆளு வரத்து குறைஞ்சுதுன்னா ஆப்பை மூடறதைத் தவிர வழியில்ல, மூடுனா அந்த 5,900 பேருக்கும் கணக்கு நோட்டு காணாமப் போன மாதிரி. வருஷம் 149னா கைல 126 சொச்சம், 2,370 பேரு விடாம கட்டணும், எண்ணிக்கை பெருசாத் தெரியுது, ஆனா அந்த 2,370 பேரு இருக்கற வரைக்கும் ஆப் ஓடும், புது ஆளுக்கு அலைய வேண்டியதில்ல, இருக்கறவங்களை நல்லாப் பாத்துக்கிட்டா போதும். ரெண்டு வழிலயும் வேலை ஒண்ணுதான், யாருக்காக வேலை செய்யறோம்ங்கறதுதான் மாறுது.

சரி, "நீ ஏன் வேலை செய்யணும், ஒரு தடவை செஞ்சுட்டு அப்படியே விடு, அது பாட்டுக்கு ஓடட்டும்"னு கேக்கலாம். அண்ணன் கேட்டதோட உள்ளர்த்தமும் அதுதான். தீவனம்னா என்னன்னு இப்ப வர்றேன்.

ஆப்புக்குக் கீழ இருக்கற தரை நகந்துட்டே இருக்கு. 2017ல ஐபோனுக்கு ஐஓஎஸ் 11 வந்தப்ப 32 பிட்ங்கற பழைய முறைல செஞ்ச ஆப் எல்லாம் ஒரே நாள்ல செத்துப் போச்சு, போன்ல ஐகான் இருக்கும், தொட்டா தொறக்காது. காசு குடுத்து வாங்குன எத்தனையோ நல்ல கேம், செஞ்சவங்க வேற வேலைக்குப் போயிட்டதால அதோட காலி. ஆண்ட்ராய்ட்ல ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் கடைசின்னு ஒரு கெடு இருக்கு, புது ஆண்ட்ராய்ட் பதிப்போட விதிமுறைக்கு ஆப்பை மாத்திக் குடுக்கலைன்னா அப்டேட்டே ஏத்த முடியாது, ரொம்பப் பழசாப் போச்சுன்னா புது போன் வாங்குன ஆளுக்கு ஸ்டோர்ல தேடுனாலும் ஆப் தெரியாது. ஆண்ட்ராய்ட் 13ல நோட்டிஃபிகேஷன் காட்டறதுக்கே ஆளுகிட்ட அனுமதி கேக்கணும்னு வந்துச்சு, 14ல சொன்ன நேரத்துக்குச் சரியா அலாரம் அடிக்கற அனுமதியையும் பெரும்பாலான ஆப் ஆளுகிட்டயே கேட்டு வாங்கணும்னு ஆச்சு. ஒவ்வொண்ணும் தனியாப் பாத்தா நல்ல காரணத்துக்குத்தான், பேட்டரி மிச்சம், தொந்தரவு கம்மி. ஆனா நான் ஒரு புது வசதியும் சேக்காமலே வருஷத்துல மூணு நாலு வாரம் ஆப்பை அது இருந்த எடத்துலயே நிறுத்தி வெக்கறதுக்குப் போகுது.

கிட்டத்துல நடந்த ஒண்ணைச் சொல்றேன். ஆண்ட்ராய்ட் 15ஓட விதிக்கு மாத்துனா ஆப் ஸ்க்ரீன் முழுக்க விரிஞ்சுக்கும், மேல மணி காட்டற பட்டைக்குப் பின்னாடியும் கீழ பேக், ஹோம் பட்டன் இருக்கற பட்டைக்குப் பின்னாடியும் நம்ம ஆப் போய் உக்காந்துக்கும். பாக்க அழகுதான். நான் மாத்துனேன், என் போன்ல ஓட்டிப் பாத்தேன், நல்லா இருந்துச்சு, ஏத்திட்டேன். என் போன்ல விரலை இழுத்து நகத்தற முறை, கீழ ஒரு மெல்லிசு கோடு மட்டும்தான் இருக்கும். அண்ணன் போன்ல பழைய மாதிரி மூணு பட்டன். மூணாம் நாள் காலைல 5:45க்கு போன் வருது, "தம்பி, சேமி அமுத்துனா ஆப்பு வெளிய ஓடிருது." தூக்கக் கலக்கத்துல எனக்கு ஒண்ணும் புரியல, என்னடா சேமி பட்டன்ல வெளிய போற மாதிரி ப்ரோக்ராம் எழுதிட்டமான்னு அரை மணி நேரம் தேடறேன். கடைசில பாத்தா என் "சேமி" பட்டன் அவரு போனோட ஹோம் பட்டனுக்கு நேர் அடியில போய் படுத்திருக்கு, மனுஷன் அமுத்தறது சேமி, போன் கேக்கறது ஹோம். அன்னைக்கு அறுபது வீட்டுக் கணக்கை அவரு பழையபடி நோட்டுல எழுதி வெச்சாரு. நான் அவசரத்துக்கு "இந்த விரிவு எனக்கு வேண்டாம்"னு சொல்ற ஒத்த வரியைப் போட்டு ஒட்டுப் போட்டேன்.

அந்த அறுபது வீட்டு விஷயத்தையும் சொல்லணும், ஏன்னா டிசைன்ங்கறது கலர் செலக்ட் பண்றதுன்னுதான் நானே ஒரு காலத்துல நெனச்சுட்டு இருந்தேன். என் முதல் பதிப்புல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம், பக்கத்துல தேதி, காலை, மாலை, லிட்டர், விலைன்னு அஞ்சு கட்டம், கடைசில சேமி. ஆபீஸ்ல கத்துக்கிட்ட பழக்கம், ஃபாரம் போட்டாத்தான் நமக்குத் தூக்கம் வரும். அண்ணன் வண்டி பின்னாடி ஒரு நாள் விடியக்காலைல உக்காந்து போனேன், அதோட அந்த டிசைன் முடிஞ்சுது. இருட்டு, ஒரு கை ஹேண்டில்ல, இன்னொரு கை பால் ஈரம், டச் ஸ்க்ரீன் ஈர விரலுக்கு எடக்கு பண்ணுது, ஒரு வீட்டுல அவரு நிக்கறதே பத்து செகண்டுதான். அதைவிட முக்கியமா அவரு நோட்டுல எல்லா வீட்டையும் எழுதறதே இல்ல! வழக்கமா ஊத்தறது அவரு மனசுல இருக்கு, மாறுன வீட்டை மட்டும் ஒரு சுழி சுழிக்கறாரு, இன்னைக்கு வேண்டாம்னாங்க, இன்னைக்கு ஒரு லிட்டர் சேத்தி கேட்டாங்க, அவ்வளவுதான். ரெண்டாவது பதிப்புல எல்லா வீட்டுக்கும் வழக்கமான அளவு தானாவே விழுந்துரும், மாறுன வீட்டை மட்டும் பெரிய விரல் அளவுக் கட்டத்துல ஒரு தட்டு, கடைசி வீடு முடிச்சுட்டு கையைத் தொடச்சுட்டு ஒரே ஒரு சேமி. அறுபது தடவை அமுத்துனது ஏழெட்டு தடவையா குறைஞ்சுது. இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல, அவரு நோட்டு.

அப்புறம் தமிழ். தமிழ்ல ஆப் செய்யறவங்களுக்கு மட்டும் கூடுதலா ஒரு வாய் தீவனம் இருக்கு. ஒரு நாள் இன்னொரு பால்காரர் கூப்புட்டு, "கௌசல்யா அக்காவைத் தேடுனா இல்லைங்குது, பட்டியல்ல கண்ணு முன்னாடி இருக்காங்க"ன்னாரு. போய்ப் பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. விஷயம் என்னன்னா "கௌ" எழுத ரெண்டு வழில ஜனங்க அடிக்கறாங்க, சரியான வழி க போட்டு ஔகாரக் குறியைச் சேக்கறது, இன்னொண்ணு க போட்டு கொம்பு போட்டு பக்கத்துல ள எழுதறது. கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. பேரைப் பதிஞ்சப்ப ஒரு கீபோர்டு, தேடுனப்ப இன்னொரு கீபோர்டு, அக்கா காணாமப் போயிட்டாங்க. கௌரி, மௌனிகா, சௌந்தரம்னு வரிசையா எல்லாரும் காணாமப் போறவங்கதான். அகர வரிசையும் அப்படித்தான், கம்ப்யூட்டர் எழுத்துக்கு வெச்சிருக்கற யூனிகோடு எண் வரிசைல ற, ல, ள, ழ, வன்னு வருது, நாம பள்ளிக்கூடத்துல படிச்சது ய ர ல வ ழ ள, அப்படியே விட்டா முன்னாடி வர வேண்டிய பவானி பழனியம்மாவுக்கு அப்புறம்தான் வருவாங்க, அதுக்குன்னு வரிசைப்படுத்தறதுக்கு யாரோ எழுதி வெச்ச ப்ரோக்ராமைத் தனியா சேக்கணும். போன்ல எழுத்தைப் பெருசா வெச்சிருக்கற பெரியவங்களுக்கு "கூ", "மூ" எழுத்தோட அடிப்பாகம் பட்டனுக்குள்ள வெட்டுப்படும், இங்கிலீஷ்ல சோதிச்சா இது தெரியவே தெரியாது. ஒரு காலத்துல போன்ல தமிழே கட்டம் கட்டமாத் தெரிஞ்சுது, முத்து நெடுமாறன் மாதிரி ஆளுங்க செல்லினம்னு தனி ஆப்பே செஞ்சுதான் கைப்பேசில தமிழ் அடிக்க வெச்சாங்க, அதோட ஒப்பிட்டா இதெல்லாம் சின்ன வேலைன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். ஆனா சின்ன வேலை எல்லாம் சேந்துதான் ஒரு வருஷம்.

காசா போற செலவு பெருசு இல்ல, இருந்தாலும் சொல்லிடறேன். கூகுள் ப்ளே கணக்குக்கு ஒரே தடவை 25 டாலர். ஆப்பிள்ல வருஷா வருஷம் 99 டாலர், கட்டலைன்னா ஆப் கடைல இருந்து போயிரும். நம்ம காசுல கிட்டத்தட்ட ஒம்பதாயிரம், 99 ரூபாய்க்கு ஒரு ஆப் விக்கறோம்னா வருஷத்துல முதல் நூத்திச் சொச்சம் பேர் குடுக்கற காசு அந்த வாடகைக்கே சரியாப் போயிரும். கமிஷன் ரொம்ப வருஷம் 30 சதவீதமா இருந்துச்சு, 2021ல ரெண்டு கடையும் சின்ன ஆளுங்களுக்கு 15ஆ குறைச்சாங்க, ஆப்பிள் ஜனவரில, கூகுள் ஜூலைல, வருஷத்துக்கு பத்து லட்சம் டாலர் வரைக்கும். நம்ம மாதிரி ஆளுங்க அந்த எல்லையைத் தொட இன்னும் பத்து ஜென்மம் வேணும், அதனால 15ன்னே வெச்சுக்கலாம். நம்ம ஊர்ல கமிஷன் சண்டை பெருசா நடந்துச்சு, 2022ல போட்டி ஆணையம் கூகுளுக்கு 936 கோடி அபராதம் போட்டுச்சு, 2025ல மேல்முறையீட்டுல அது 216 கோடியாச்சு, நடுவுல 2024 மார்ச்ல பில்லிங் தகராறுல சென்னைக் கம்பெனியோட பாரத் மேட்ரிமோனி உட்பட நம்ம நாட்டு ஆப் பலதைக் கடைல இருந்தே தூக்குனாங்க, மத்திய அரசு தலையிட்டு சில நாள்ல திரும்ப வந்துச்சு. இதுல நமக்குக் கெடைச்சது என்னன்னா சொந்தமா வேற பேமெண்ட் வழியையும் பக்கத்துல வெச்சுக்கலாம், அப்படி வர்ற காசுக்கு கமிஷன்ல 4 சதவீதம் கம்மி. காசை வாங்கி நம்ம கணக்குல போட்டுக் குடுக்கற பேமெண்ட் கேட்வேக்காரன் ரெண்டு சதவீதம் எடுத்துக்குவான், மிச்சம் ரெண்டுக்காக பணம் திருப்பிக் குடுக்கறது, பில்லு, புகார்னு எல்லாம் நம்ம தலைல. நான் அந்தப் பக்கமே போகல.

புதுசா வர்றவங்களுக்கு வாசல்லயே ஒரு வேலை இருக்கு. 2023 நவம்பர் 13க்கு அப்புறம் தனிநபர் பேர்ல ப்ளே கணக்கு தொறந்தவங்க 20 பேரைப் புடிச்சு 14 நாள் விடாம ஆப்பைச் சோதிக்க வெச்சாத்தான் கடைல வெக்கவே விடுவேன்னாங்க, அப்புறம் பெரிய மனசு பண்ணி 12ஆ குறைச்சாங்க. போலி ஆப்பைத் தடுக்கத்தான், புரியுது. ஆனா சென்னைல ஒரு தம்பி எனக்குப் பழக்கம், அவன் அத்தை பையன், சித்தப்பா, டியூஷன் டீச்சர்னு ஆள் சேத்து, பன்னண்டாம் நாள் சித்தப்பா "போன்ல இடம் இல்லடா"ன்னு அழிச்சதுல நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்துட்டான்.

அடுத்தது, அடுத்தவன் கிணத்துத் தண்ணி. ஆப்போட பின்பக்கம், அதாவது டேட்டாவைச் சேத்து வெக்கற சர்வர், அதை தனி ஆளு யாரும் மொத்தமா சொந்தமா கட்டறதில்ல, யாராவது ரெடியா வெச்சிருக்கறதுல போய் ஒட்டிக்குவோம். பார்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு, சின்ன டெவலப்பருங்க கூட்டம் கூட்டமா அதுல இருந்தாங்க, 2013ல ஃபேஸ்புக் வாங்குச்சு, 2016 ஜனவரில மூடப் போறோம் ஒரு வருஷம் டைம்னு சொன்னாங்க, 2017 ஜனவரில மூடியாச்சு. அந்த ஒரு வருஷம் எத்தனையோ பேருக்கு வீடு மாத்தறதே வேலை.

அதைவிடப் பெரிய கதை அப்பல்லோ. கனடால கிறிஸ்டியன் செலிக்னு ஒரு தனி டெவலப்பர், ரெடிட்ங்கற இணைய விவாத தளத்தைப் படிக்கறதுக்காக அவரு செஞ்ச ஐபோன் ஆப், ரெடிட்டோட சொந்த ஆப்பை விட அதுதான் நல்லா இருக்குன்னு ஜனங்க காசு கட்டி வெச்சிருந்தாங்க. 2023ல ரெடிட் தன்னோட தகவலை வெளி ஆப்ங்க எடுக்கறதுக்கு காசுன்னு அறிவிச்சுது, அவரு கணக்குப் போட்டுப் பாத்தா அப்பல்லோ மாசத்துக்கு 700 கோடி தடவை கேக்குது, வருஷத்துக்கு 2 கோடி டாலர் ஆகும். ஜூன் 30ஆம் தேதியோட மூடிட்டாரு. இதுல சப்ஸ்கிரிப்ஷனை பத்தி ஒரு பாடம் இருக்கு, அதை யாரும் அவ்வளவா பேசல. அவருகிட்ட முழு வருஷத்துக்கு முன்கூட்டியே கட்டுன ஆளுங்க நெறைய, ஆப் மூடுனா மிச்ச மாசத்துக் காசைத் திருப்பிக் குடுக்கணும், அது மட்டும் சுமாரா ரெண்டரை லட்சம் டாலர் ஆகும்னு அவரே சொன்னாரு, திருப்பி வாங்காம விட்டுக்குடுக்க முடிஞ்சவங்க விடுங்கன்னு ஆப்லயே கேட்டாரு. வருஷச் சந்தான்னு நாம வாங்கறது வருமானம் மாதிரி இருக்கும், உண்மைல அது கடன், பால் இன்னும் ஊத்தல. என் அக்கவுண்ட்ல சந்தாக் காசுக்குத் தனியா ஒரு பக்கம் ஒதுக்கி மாசம் மாசம் பன்னண்டுல ஒரு பங்கு மட்டும் எடுக்க ஆரம்பிச்சது அதைப் படிச்ச அப்புறம்தான்.

இவ்வளவும் இருக்க, சந்தா முறை ஏன் 2008லயே வரலன்னா கடைக்காரன் விடல. ஆப்பிள் 2011ல சந்தாவைக் கொண்டு வந்தப்ப பத்திரிகை, வீடியோ மாதிரி ஆளுங்களுக்குத்தான். 2016 ஜூன்லதான் எல்லா வகை ஆப்பும் சந்தா வாங்கலாம், ஒரு வருஷம் தாண்டி ஒரு ஆளு இருந்தா கமிஷன் 15தான்னு சொன்னாங்க. அடுத்த வருஷமே ஜெர்மனில லைப்சிக் ஊர்ல இருக்கற சின்ன டீம் ஒண்ணு, யுலிஸஸ்னு எழுத்தாளருங்க பயன்படுத்தற ஆப் வெச்சிருந்தவங்க, ஒரே தடவை காசுல இருந்து சந்தாவுக்கு மாறுனாங்க. வாங்குன திட்டுக்கு அளவில்ல. ஆனா அந்த ஆப் இன்னைக்கும் உயிரோட அப்டேட் ஆகிட்டு இருக்கு. கூகுளும் 2022 ஜனவரில இருந்து எல்லாச் சந்தாவுக்கும் முதல் நாள்ல இருந்தே 15னு ஆக்கிருச்சு. ரெண்டு கடையும் தள்ளி விட்டாங்க, நாம வழுக்கிட்டு வந்தோம்னும் சொல்லலாம்.

இதுக்குள்ள திருடனும் புகுந்துட்டான், அதை மறைச்சு என்ன ஆகப் போகுது. டார்ச் லைட்டு, கியூஆர் ஸ்கேனர், கால்குலேட்டர், மூணு நாள் சும்மா, அப்புறம் வாரத்துக்கு 499 ரூபாய், மூடற பெருக்கல் குறி கண்ணுக்கே தெரியாத சாம்பல் கலர்ல. வருஷத்துக்கு கணக்குப் போட்டா 26,000 ரூபாய்க்கு டார்ச்! இந்த வகைக்கு பேரே வெச்சுட்டாங்க, ஃப்ளீஸ்வேர்னு, 2019ல சோஃபோஸ்ங்கற பாதுகாப்பு கம்பெனி வெச்ச பேரு. நான் பாக்கறது ஒண்ணுதான், வாரக் கணக்குல காசு கேக்கற சின்ன ஆப்னா தொடவே மாட்டேன். அப்புறம் கடைல கடைசியா எப்ப அப்டேட் வந்துச்சுன்னு தேதி இருக்கும், ரெண்டு வருஷமா ஒண்ணும் வரலைன்னா அவன் எதுக்கு மாசாமாசம் வாங்கறான்?

விளம்பரம் போட்டு ஓட்டலாமேன்னு கேக்கறவங்க இருக்காங்க. ஃப்ளாப்பி பேர்டை உதாரணம் காட்டுவாங்க, வியட்நாம்ல டோங் நுயென் தனி ஆளா செஞ்சது, விளம்பரத்துலயே ஒரு நாளைக்கு 50,000 டாலர்னு 2014ல செய்தி வந்துச்சு, அந்த பிப்ரவரிலயே அவரு வெறுத்துப் போய் கேமைத் தூக்கிட்டாரு. கோடி பேர் விளையாடற கேமுக்கு அது சரி. நம்ம ஊர் ஆளு பாக்கற விளம்பரத்துக்கு கெடைக்கற காசு அமெரிக்கால பாக்கறதுக்குக் கெடைக்கறதுல ஒரு துளிதான், அதுவும் விடியக்காலைல பால் ஊத்தற மனுஷன் கண்ணு முன்னாடி ரம்மி விளம்பரத்தை விரிக்க எனக்கு மனசு வரல.

சந்தாவுலயும் நம்ம நாட்டுக்குன்னு ஒரு முடிச்சு இருக்கு. 2021 அக்டோபர் 1ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி தானா காசு எடுக்கற எதுக்கும் முன்னாடியே தனியா சம்மதம் வாங்கணும், எடுக்கறதுக்கு ஒரு நாள் முன்னாடி தகவல் அனுப்பணும். வாங்கறவங்களுக்கு ரொம்ப நல்லது, தெரியாம போற காசு நின்னுது. எனக்கு என்ன ஆச்சுன்னா அந்த மெசேஜைப் பாத்து ஏதோ ஏமாத்து வேலைனு பயந்து போய் ரத்து பண்ணிட்டு, ரெண்டு நாள் கழிச்சு "பேக்கப் வேலை செய்யல தம்பி"ன்னு கூப்புடறவங்க ஒவ்வொரு மாசமும் இருக்காங்க. மறுபடி கட்ட வெக்கறதுக்கு ஒரு பத்து நிமிஷப் பேச்சு.

அண்ணன் விஷயத்துக்கு வர்றேன். ஒரு மாசம் கழிச்சு மறுபடி போய் இதையெல்லாம் சுருக்கமா சொன்னேன், கெடு, சர்வர், சேமி பட்டன், கௌசல்யா அக்கா எல்லாம். கேட்டுட்டு, "அப்ப உன்னத்தான் தம்பி அது திங்குது"ன்னாரு. காசு கட்டல. நானும் கேக்கல, அவருக்கு மட்டும் சும்மாவே விட்டுட்டேன். அவரு இன்னும் நோட்டையும் வண்டில சொருகித்தான் வெச்சிருக்காரு. சரிதான், ஏன்னா ஆண்ட்ராய்ட் 16ஓட விதிக்கு மாறுனா நான் போட்ட அந்த ஒத்த வரி ஒட்டு செல்லாதாம், அதனால இந்த வாரம் ஆப்ல இருக்கற இருபத்தி ரெண்டு ஸ்க்ரீனையும் ஒவ்வொண்ணாத் தொறந்து, மூணு பட்டன் போன்ல எது எதுக்கு அடியில போய் படுக்குதுன்னு பாத்துட்டு இருக்கேன். இப்ப ஒன்பதாவது ஸ்க்ரீன்ல நிக்குது.